மேடும் துகளும்: ஒத்ததிர்வை அளப்பது பற்றிய ஒரு பழைய வழக்கு

துகள் இயற்பியலின் அட்டவணைகளைப் புரட்டினால் முதலில் கண்ணில் படுவது எண்களின் உறுதி. டெல்டா என்றால் 1232, ரோ என்றால் 775, இசட் என்றால் 91,188. எல்லாம் மெகா எலக்ட்ரான் வோல்ட் கணக்கில் நிறைகள். பக்கத்திலேயே அகலம் என்று இன்னோர் எண் இருக்கும். புரோட்டானின் நிறையைப் போல இவையும் இயற்கை நேரடியாக எழுதிக் கொடுத்த எண்கள் என்றே தோன்றும்.

ஆனால் இவற்றில் எதையும் கருவிக்குள் ஓடவிட்டுப் பார்க்க முடியாது. ஒரு நொடியைக் கோடி கோடி கோடியாகப் பிரித்து, அந்தத் துணுக்கில் ஆயிரத்தில் ஐந்தாறு பங்கு எடுத்தால் அதுதான் டெல்டாவின் ஆயுள். அதற்குள் ஒளிகூட ஒரு புரோட்டானின் விட்டத்தைத்தான் கடந்திருக்கும். இவ்வளவு குறைந்த ஆயுள் உள்ள ஒன்றுக்கு ஆற்றல் திட்டவட்டமாக இருக்க முடியாது என்பது குவாண்டம் இயற்பியலின் அடிப்படை. ஆயுள் குறையக் குறைய ஆற்றல் பரவும். அந்தப் பரவலைத்தான் அகலம் என்கிறோம். ஆகவே சோதனையில் கிடைப்பது துகள் அல்ல. ஆற்றலை மாற்றிக்கொண்டே போகும்போது மோதல்களின் எண்ணிக்கையில் எழுந்து தணியும் ஒரு மேடு. இயற்பியலாளர்கள் இதை ஒத்ததிர்வு என்கிறார்கள்.

அந்த மேடு எப்போது துகள் என்ற பெயருக்குத் தகுதி பெறுகிறது? அட்டவணையில் அச்சாகும் நிறையும் அகலமும் எதன் நிறை, எதன் அகலம்? எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இதற்கு விடைகள் வந்துகொண்டிருக்கின்றன. மேட்டை அளந்தால் போதும் என்றார்கள் சிலர். புள்ளியியல் அளவுகோலைக் கடந்தால் சரி என்றார்கள் வேறு சிலர். மேடு வெறும் நிழல்தான், உண்மைப் பொருள் கலப்பெண் தளத்தில் இருக்கும் ஒரு துருவம் என்பது மற்றொரு கட்சி. மூன்றாவது கட்சியின் பக்கமே நியாயம் அதிகம் என்பது இக்கட்டுரையின் மதிப்பீடு. ஆனால் அந்த நியாயத்துக்கு அது கொடுக்கும் விலையும் சின்னதல்ல. (இனி மெகா, ஜிகா, கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுகளை மெ.எ.வோ., ஜி.எ.வோ., கி.எ.வோ. என்று சுருக்குகிறேன்.)

சிகாகோ, 1952

1936-இல் கிரிகரி பிரைட்டும் யூஜின் விக்னரும், மெதுவான நியூட்ரான்களை அணுக்கருக்கள் விழுங்குவதை விளக்க ஒரு சூத்திரம் எழுதினார்கள். நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும் மணி வடிவ வளைவு அது. உச்சம் இருக்கும் இடம் நிறையைச் சொல்லும்; பாதி உயரத்தில் உள்ள அகலம் ஆயுளைச் சொல்லும். அணுக்கரு இயற்பியலுக்காகப் பிறந்த இந்தச் சூத்திரமே துகள் இயற்பியலின் முதல் அளவுகோலும் ஆயிற்று.

சிகாகோவில் புதிதாக எழுந்த சைக்ளோட்ரானில் என்ரிக்கோ ஃபெர்மியின் குழு பையான் கற்றையை ஹைட்ரஜன் மீது பாய்ச்சிப் பார்த்தது. மோதும் வாய்ப்பைப் பரப்பளவாகச் சொல்லும் குறுக்குவெட்டு, பையானின் ஆற்றல் ஏற ஏற எதிர்பாராத வேகத்தில் ஏறியது. நேர்மின் பையானுக்குக் கிடைத்த மதிப்பு எதிர்மின் பையானுக்குக் கிடைத்ததைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. தற்சுழற்சியும் ஐசோசுழற்சியும் இரண்டுமே ஒன்றரையாக, அதாவது 3/2 ஆக, இருக்கும் ஓர் இடைநிலை உருவானால் இதே விகிதம் வர வேண்டும் என்று கீத் புருக்னர் காட்டியிருந்தார்.

இன்று பாடநூலில் இரண்டு வரியில் முடியும் இந்தக் கதை அன்று அவ்வளவு எளிதில் முடியவில்லை. சிகாகோ எந்திரத்தின் ஆற்றலில் ஏற்றம் தெரிந்தது. இறக்கம் தெளிவாகத் தெரியவில்லை. ஏறுகிற எல்லாமே மேடு ஆகிவிடாதே. மேலும், சிதறிய பையான்கள் எந்தக் கோணத்தில் எத்தனை என்ற தரவை ‘கட்டப் பெயர்ச்சி’ என்ற கோணங்களாக மாற்றிப் பார்த்தபோது ஒரே தரவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தீர்வுகள் பொருந்தின. ஒரு தீர்வில் ஒத்ததிர்வு இருந்தது, இன்னொன்றில் இல்லை. ஃபெர்மி கடைசிவரை எச்சரிக்கையாகவே பேசினார். 1954 நவம்பரில் அவர் மறைந்தார். புரூக்ஹேவனின் காஸ்மோட்ரான் போன்ற எந்திரங்களிலிருந்து இறக்கமும் தெரியவந்து, கட்டப் பெயர்ச்சி 90 பாகையைக் கடப்பது உறுதியான பிறகே வழக்கு தீர்ந்தது.

இந்த 90 பாகைதான் முதல் விடையின் சாரம். ஒரு குறிப்பிட்ட கோண உந்தத்துடன் வரும் அலைக்குக் குறுக்குவெட்டு எவ்வளவு உயரலாம் என்பதற்கு நிகழ்தகவே உச்சவரம்பு போடுகிறது. வந்ததைவிடக் கூடுதலாக எதுவும் வெளியே போக முடியாது. டெல்டாவின் ஆற்றலில் அந்த வரம்பு சுமார் 190 மில்லிபார்ன். அளந்த உச்சம் அதைத் தொட்டுக்கொண்டே நின்றது. மேடு வெறும் குவியல் அல்ல, ஒரு அலை தன் முழு வீச்சையும் எட்டித் திரும்பிய இடம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. பிற்காலத்தில் வந்த பல மேடுகளுக்கு இந்தச் சான்று கிடைத்ததே இல்லை.

எண்ணிக்கையின் காலம்

ஏனென்றால் பெரும்பாலான ஒத்ததிர்வுகளைக் கற்றை-இலக்குச் சிதறலில் நேராக உருவாக்க முடியாது. அவை வேறொரு மோதலின் சிதறல்களுக்கு நடுவே பிறந்து மறைகின்றன. பெர்க்லியில் லூயிஸ் ஆல்வரெஸ் குழு இதற்கு வழி செய்தது. திரவ ஹைட்ரஜன் நிரம்பிய குமிழிக் கலத்தில் ஒவ்வொரு மின்னூட்டத் துகளும் குமிழ்களால் ஒரு தடம் போடும். தடத்தின் வளைவிலிருந்து உந்தத்தைக் கணிக்கலாம். இரண்டு மூன்று துகள்களின் ஆற்றலையும் உந்தத்தையும் கூட்டினால், அவை ஒரே தாய்த் துகளிலிருந்து வந்திருந்தால் அதன் நிறை என்னவாக இருந்திருக்கும் என்று தெரியும். ஆயிரக்கணக்கான படங்களுக்கு இப்படிக் கணக்குப் போட்டு நிறை வாரியாகக் கட்டம் கட்டமாக எண்ணி வைத்தால், தற்செயலாகச் சேர்ந்தவை சீரான பின்னணியாகப் பரவும். உண்மையான தாய் இருந்தால் அந்த நிறையில் மேடு எழும். 1960-இல் 1385 மெ.எ.வோ. அருகே ஒரு பேரியான், 1961-இல் ரோ, ஒமேகா என்று வரிசையாகக் கண்டுபிடிப்புகள் வந்தன. 1968-இல் ஆல்வரெஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பரிசு வந்த அதே ஆண்டில் அதே ஆய்வகத்திலிருந்து ஓர் எச்சரிக்கையும் வந்தது. ஃபெர்மியின் மாணவரும், துகள் அட்டவணைகளைத் தொகுக்கும் மரபைத் தொடங்கியவர்களில் ஒருவருமான ஆர்தர் ரோசன்ஃபெல்ட், உலகெங்கும் ஓராண்டில் இயற்பியலாளர்கள் எத்தனை வரைபடங்களை உற்றுப் பார்க்கிறார்கள் என்று கணக்கிட்டார். அத்தனை கட்டங்களைப் பார்த்தால், எந்தத் துகளும் இல்லாமலேயே நான்கு திட்ட விலக்கம் உயர்ந்த மேடுகள் ஆண்டுக்குச் சில கிடைத்தே தீரும் என்பது அவர் வாதம். இன்று ‘ஐந்து சிக்மா’ என்று எல்லோரும் சொல்லும் விதியின் வேர் இங்கேதான். பின்னணியே தற்செயலாக அவ்வளவு உயர்ந்து நிற்கும் வாய்ப்பு சுமார் 35 லட்சத்தில் ஒன்று என்பதே அதன் பொருள்.

விதி நல்லது. ஆனால் அது போதுமா என்றால், இல்லை என்று சொல்ல இரண்டு வழக்குகள் போதும். 2003-இல் ஜப்பானின் ஸ்பிரிங்-8 ஆய்வகத்திலிருந்து தீட்டா பிளஸ் என்ற ஐங்குவார்க் பற்றிய செய்தி வந்தது. நிறை 1540 மெ.எ.வோ. 1997-இல் ரஷ்யக் கோட்பாட்டாளர்கள் 1530 என்று சொல்லியிருந்தார்கள். கேட்கவா வேண்டும்! ஓரிரு ஆண்டுகளில் ஏறத்தாழ பத்துக் குழுக்கள் தாங்களும் கண்டதாக அறிவித்தன. அமெரிக்காவின் ஜெஃபர்சன் ஆய்வகத்துக் கிளாஸ் குழு ஐந்து சிக்மாவைத் தாண்டியிருந்தது. அதே குழு அதே கருவியில் பன்மடங்கு தரவுடன் மறுபடி பார்த்தபோது மேடு இல்லை. பின்னணியின் வடிவத்தை எப்படி வரைவது, எந்த நிகழ்வுகளை வடிகட்டுவது என்ற தேர்வுகள் மேட்டைப் பார்த்த பிறகு நடந்தால், சிக்மாவின் எண்ணிக்கை எதையும் காப்பாற்றாது.

மற்றது 2015 டிசம்பரில் செர்னில் நடந்தது. 750 ஜி.எ.வோ. அருகே இரண்டு ஃபோட்டான்கள் சேர்ந்த வரைபடத்தில் அட்லஸ், சி.எம்.எஸ். என்ற சோதனைகள் இரண்டிலும் சிறு மேடு. எங்கு வேண்டுமானாலும் மேடு வந்திருக்கலாம் என்ற கழிவைக் கணக்கில் எடுத்தால் அட்லஸின் வலு இரண்டு சிக்மாவை ஒட்டியே நின்றது. குழுக்கள் அதைச் சொல்லவும் செய்தன. ஆனாலும் எட்டு மாதத்தில் ஐநூறுக்கும் மேற்பட்ட கோட்பாட்டுக் கட்டுரைகள் எழுதப்பட்டன. 2016 ஆகஸ்டில் புதிய தரவு வந்தது, மேடு கரைந்தது. இதில் சோதனையாளர்கள் மேல் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. புள்ளியியல் தன் வேலையைச் சரியாகவே செய்தது.

புள்ளியியல் கட்சியின் உண்மையான குறை வேறு. ‘ஏதோ இருக்கிறது’ என்பதை மட்டும்தான் அது சொல்ல முடியும். இருப்பது என்ன என்ற கேள்விக்கு அதனிடம் விடை இல்லை.

கருவியைவிட மெல்லிய கோடு

1974 நவம்பரில் ஸ்டான்ஃபோர்டின் ஸ்பியர் வளையத்தில் எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதின. ஆற்றலைச் சிறு படிகளில் நகர்த்தியபோது 3.1 ஜி.எ.வோ. அருகே நிகழ்வுகள் நூறு மடங்குக்கும் மேல் எகிறின. புரூக்ஹேவனில் சாமுவேல் டிங் குழுவும் அதே துகளை வேறு வழியில் பிடித்திருந்தது. ஜே/சை என்று இரட்டைப் பெயர் வந்தது அதனால்தான்.

அளவியல் நோக்கில் இங்கே சுவையானது அகலம். ஸ்டான்ஃபோர்ட் குழுவின் முதல் கட்டுரை, அகலம் 1.3 மெ.எ.வோ.வுக்கு மிகாது என்று மட்டுமே சொன்னது. கற்றையின் சொந்த ஆற்றல் சிதறலே அந்த அளவுக்கு இருந்தது. இன்று நமக்குத் தெரிந்த அகலம் 93 கி.எ.வோ., அதாவது அந்த வரம்பில் பதினான்கில் ஒரு பங்கு. தையற்காரரின் நாடாவைக் கொண்டு தலைமுடியின் தடிமனை அளக்கச் சொன்னது போன்ற நிலை. ஆனால் அளந்துவிட்டார்கள்.

எப்படி என்றால், கற்றை சிதறியிருந்தால் மேடு தாழ்ந்து பரவும். அதன் அடியில் உள்ள மொத்தப் பரப்பு மட்டும் மாறாது. அந்தப் பரப்பு, துகள் எலக்ட்ரான் இணையாகச் சிதையும் வீதத்தோடும் மற்ற வழிகளில் சிதையும் விகிதத்தோடும் நேராகப் பிணைந்தது. எலக்ட்ரான் இணை, மியூவான் இணை, ஹாட்ரான்கள் என்று மூன்று வழிகளுக்கும் தனித்தனியே பரப்பை அளந்து, இவை சேர்ந்ததே முழுமை என்று எடுத்துக்கொண்டால் அகலம் வெளியே வந்துவிடும். 1975-இல் இப்படிக் கிடைத்த மதிப்பு ஏறத்தாழ 70 கி.எ.வோ. மேட்டின் வடிவத்தைப் பார்க்காமலே அதன் அகலத்தைச் சொன்ன முதல் பெரிய வெற்றி இது. அதே சமயம், ‘அளவு’ என்ற பெயரில் அட்டவணைக்குள் ஓர் அனுமானமும் நுழைந்தது.

ஹிக்ஸ் போசானில் இந்த அனுமானம் இன்னும் கனமானது. 125 ஜி.எ.வோ. நிறையுள்ள அதன் அகலம் 4.1 மெ.எ.வோ.வாக இருக்க வேண்டும் என்கிறது திட்ட மாதிரி. உணர்கருவிகளின் நுணுக்கமோ ஒன்றிரண்டு ஜி.எ.வோ. நேரடி அளவீட்டுக்கு வழியில்லை. 2013-இல் ஃபப்ரீசியோ காவ்லாவும் கிரில் மெல்னிகோவும் ஒரு குறுக்கு வழி காட்டினார்கள். ஹிக்ஸின் செல்வாக்கு அதன் நிறையைவிட வெகு தொலைவில், இரண்டு இசட் போசான்கள் உருவாகும் ஆற்றல்களிலும் தெரியும். அங்கே கிடைக்கும் எண்ணிக்கையை மேட்டில் கிடைக்கும் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் அகலம் வரும். சி.எம்.எஸ். 2022-இல் இந்த வழியில் 3.2 மெ.எ.வோ. என்ற மதிப்பைத் தந்தது. பிழை வரம்பு மேலே 2.4, கீழே 1.7. அருமையான வேலைதான். ஆனால் மேட்டிலும் தொலைவிலும் ஹிக்ஸ் ஒரே விதமாகவே பிணைகிறது என்ற அனுமானம் இல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. இதை அகல அளவீடு என்பதைவிடத் திட்ட மாதிரியின் ஒரு சோதனை என்று சொல்வதே பொருத்தம்.

இசட்: துல்லியத்தின் உச்சியில் ஒரு குழப்பம்

மேட்டை அளப்பதில் மனிதர் எட்டிய உச்சம் எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதும் ஜெனீவாவின் லெப் வளையத்தில் நடந்தது. 1989 முதல் 1995 வரை நான்கு சோதனைகள் சேர்ந்து சுமார் 1 கோடியே 70 லட்சம் இசட் சிதைவுகளைப் பதிந்தன. நிறை 91,187.5 மெ.எ.வோ., பிழை 2.1 மெ.எ.வோ. மட்டும். லட்சத்தில் இரண்டு பங்கு துல்லியம்.

இந்தத் துல்லியத்துக்கு வளையத்தின் ஆற்றலை அந்த அளவுக்கு அறிந்திருக்க வேண்டும். அப்போதுதான் தெரியாத விருந்தாளிகள் எல்லாம் தலைகாட்டினார்கள். நிலவின் ஈர்ப்பால் பூமியின் மேலோடு ஏறி இறங்கும்போது 27 கிலோமீட்டர் வளையத்தின் சுற்றளவு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மாறியது. மோதல் ஆற்றல் 10 மெ.எ.வோ. வரை நகர்ந்தது. ஜெனீவா ஏரியின் நீர்மட்டத்துக்கும் பங்கு இருந்தது. பகல் முழுக்கக் காந்தப் புலம் காரணமின்றி நடுங்கி நள்ளிரவில் அடங்கியது. பக்கத்து ரயில் பாதையில் ஓடிய அதிவேக ரயில்களிலிருந்து கசிந்த மின்னோட்டம் வளையத்தின் குழாய் வழியாகப் பாய்ந்ததே காரணம் என்று 1995-இல் தெரியவந்தது. இவை ஒவ்வொன்றையும் திருத்த வேண்டியிருந்தது.

திருத்தம் எந்திரத்தோடு நிற்கவில்லை. மோதுவதற்கு முன்பே எலக்ட்ரான் ஃபோட்டானை உமிழ்ந்து ஆற்றலை இழக்கிறது. அதனால் இசட் மேட்டின் உயரம் கால் பங்குக்கும் மேல் குறைகிறது. உச்சம் சுமார் 100 மெ.எ.வோ. வலப்புறம் நகர்கிறது. நகர்வு, இறுதியில் அறிவித்த பிழையைப்போல ஐம்பது மடங்கு. கோட்பாட்டுக் கணிப்பின் உதவியோடுதான் அதைக் கழித்தார்கள். ஆகவே லெப் அளந்த வளைவும் வெளியிட்ட வளைவும் ஒன்றல்ல.

அகலத்திலிருந்து கிடைத்த புகழ்பெற்ற முடிவையும் இங்கே சொல்ல வேண்டும். இசட் கண்ணுக்குத் தெரியாமல் எத்தனை நியூட்ரினோ வகைகளாகச் சிதைகிறது என்ற எண் 2.984 என்று வந்தது, பிழை 0.008. மூன்றுதான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டாலும் இரண்டு சிக்மா குறை உறுத்திக்கொண்டே இருந்தது. ஓட்டம் முடிந்து கால் நூற்றாண்டு கழித்து, 2020 வாக்கில், அந்தப் பழைய தரவை மறுபடி ஆராய்ந்தார்கள். எதிரெதிர்க் கற்றைகளின் மின்புலம் ஒன்றையொன்று இழுத்து மோதல் எண்ணிக்கைக் கணக்கைக் கொஞ்சம் தவறாக்கியிருந்தது. கோட்பாட்டுக் கணிப்பும் இப்போது மேம்பட்டிருந்தது. புதிய எண் 2.996. உறுத்தல் போயிற்று. புதிய துகள் எதுவும் தேவைப்படவில்லை.

இனி குழப்பத்துக்கு வருவோம். பிரைட்-விக்னர் சூத்திரத்தில் அகலத்தை மாறிலியாக வைக்கலாம். ஆற்றலோடு வளர்வதாகவும் வைக்கலாம். லெப் குழுக்கள் இரண்டாவதைத் தேர்ந்தன. முதலாவதைத் தேர்ந்திருந்தால் இசட்டின் நிறை 34 மெ.எ.வோ. குறைந்திருக்கும். அறிவித்த பிழையைப்போல பதினாறு மடங்கு! தரவில் எந்த மாற்றமும் இல்லை. இரண்டு சூத்திரங்களும் அதே நேர்த்தியோடு பொருந்துகின்றன. இதை யாரும் மறைக்கவில்லை, துறையில் உள்ள எல்லோருக்கும் தெரியும், இரண்டுக்கும் இடையே மாற்றிக்கொள்ளும் விதியும் உண்டு. ஆனாலும், ‘இசட்டின் நிறை என்ன?’ என்ற கேள்விக்கு ‘எந்த வரையறையில்?’ என்று எதிர்க் கேள்வி போடாமல் விடை சொல்ல முடியாது என்ற நிலையை அது உண்டாக்கிவிட்டது.

துருவக் கட்சி

இந்தக் கட்சியின் வாதம் இப்படிப் போகிறது. மோதலின் வீச்சை ஆற்றலின் சார்பாக எழுதுங்கள். ஆற்றலைக் கலப்பெண்ணாக நீட்டுங்கள். உண்மையான ஒத்ததிர்வு என்பது அந்தத் தளத்தில் வீச்சு எல்லையின்றி உயரும் ஒரு புள்ளி, அதாவது துருவம். அதன் மெய்ப்பகுதி நிறை. கற்பனைப் பகுதி அகலத்தில் பாதி. சோதனையில் நாம் காண்பது மெய் அச்சின் வழியே நடக்கும்போது பக்கவாட்டில் தெரியும் அதன் சாய்வுதான். துருவம் அச்சுக்கு அருகில் இருந்தால் கூர்மையான மேடு. தொலைவில் இருந்தாலோ, வேறொரு வழியின் வாசல் ஆற்றல் நடுவில் குறுக்கிட்டாலோ, மேடு சிதையும். சில சமயம் பள்ளமாகக்கூடத் தெரியும்.

யோசனை புதிதல்ல. 1928-இல் ஆல்ஃபாச் சிதைவை விளக்க ஜார்ஜ் கேமோவ் கலப்பு ஆற்றலைப் பயன்படுத்தினார். 1960-களில் பெர்க்லியின் ஜெஃப்ரி சூ அதையே ஒரு தத்துவமாக்கினார்: அடிப்படைத் துகள், கூட்டுத் துகள் என்ற பேதமே வேண்டாம், எல்லாம் வீச்சின் துருவங்கள். குவார்க்குகள் வந்ததும் அந்தத் தத்துவம் ஒதுங்கியது. துருவம் மட்டும் தங்கிவிட்டது. 1991 வாக்கில் ஆல்பெர்ட்டோ சிர்லின் போன்றவர்கள், இசட்டுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் நிறை, கணக்கை எந்த வசதிக்காக எப்படி எழுதுகிறோம் என்பதைச் சார்ந்தது என்றும், துருவத்தின் இடம் அப்படிச் சாராது என்றும் காட்டினார்கள். மேலே சொன்ன 34 மெ.எ.வோ. குழப்பத்துக்குக் கொள்கை அளவில் இதுவே தீர்ப்பு. டெல்டாவிலும் இதே கதைதான். மேட்டின் நிறை 1232, துருவத்தின் நிறை சுமார் 1210. அகலம் 117 என்பது துருவத்தில் 100. நாம் மனப்பாடமாக அறிந்த எண்ணே 22 மெ.எ.வோ. நகர்ந்துவிடுகிறது.

துருவக் கட்சியின் பலத்தைக் காட்டும் வழக்கு சிக்மா மீசான். இரண்டு பையான்கள் மோதும்போது மிகக் குறைந்த ஆற்றலில் ஏதோ ஒன்று உருவாவதாக 1950-களிலேயே சந்தேகம் இருந்தது. வரைபடத்தில் மேடு இல்லை. அகலமான ஒரு வீக்கம்தான். அட்டவணைக்குள் வந்தது, 1970-களின் நடுவில் நீக்கப்பட்டது, 1996-இல் திரும்பி வந்தது. திரும்பியபோது நிறை ‘400 முதல் 1200 வரை’. கேலி செய்ய ஏற்ற எண் அது.

விடை வந்தது புதிய சோதனையிலிருந்து அல்ல, பழைய கணிதத்திலிருந்து. மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தோடு நீண்டகாலத் தொடர்புடைய எஸ்.எம். ராய் 1971-இல் எழுதிய சமன்பாடுகள், காரண-காரிய ஒழுங்கு, நிகழ்தகவு, துகளை எதிர்த்துகளாக மாற்றும் சமச்சீர்மை ஆகியவற்றை மட்டும் வைத்துப் பையான் சிதறலைக் கட்டிப்போடுகின்றன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பி. அனந்தநாராயணனும் கோலாஞ்செலோ, காசர், லாய்ட்வைலர் ஆகியோரும் 2001-இல் அவற்றை முழுமையாகத் தீர்த்தார்கள். அந்த அடித்தளத்தில் 2006-இல் கப்ரினி, கோலாஞ்செலோ, லாய்ட்வைலர் மூவரும் துருவத்தைக் கண்டார்கள்: நிறை 441, அரை அகலம் 272 மெ.எ.வோ. பிழை வரம்போ இருபதுக்கும் கீழ். 2012-இல் அட்டவணையின் நிறை வீச்சு 400-550 ஆகச் சுருங்கியது. மேடே இல்லாத ஒரு துகள், பல மேடுள்ள துகள்களைவிட நன்றாக அறியப்பட்டதாயிற்று.

இனி விலை. பையான் சிதறலுக்குக் கிடைத்த இந்தக் கணிதக் காப்பு மற்ற பெரும்பாலான வினைகளுக்குக் கிடையாது. காப்பு இல்லாமல், பிழையோடு கூடிய சில புள்ளிகளிலிருந்து கலப்பெண் தளத்துக்குள் நீட்டுவது நிலையற்ற வேலை. அச்சில் ஒன்றுபோல் தெரியும் இரண்டு சார்புகள் தளத்துக்குள் துருவங்களை வெவ்வேறு இடத்தில் வைக்கலாம். 1405 மெ.எ.வோ. அருகே உள்ள லாம்டா நல்ல சாட்சி. 1959-இல் டாலிட்ஸும் துவானும் கணித்த அந்த ஒரு மேட்டுக்கு அடியில் இரண்டு துருவங்கள் இருப்பதாக இன்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். இரண்டாவது எங்கே இருக்கிறது என்பதில் மாதிரிக்கு மாதிரி விடை மாறுகிறது.

வாசலருகே நிற்பவை

கடந்த இருபது ஆண்டுச் சர்ச்சைகளில் பெரும்பகுதி, இரண்டு துகள்கள் உருவாவதற்குச் சரியாகத் தேவைப்படும் வாசல் ஆற்றலுக்குப் பக்கத்தில் முளைத்த மேடுகளைப் பற்றியது. ஜப்பானின் பெல் சோதனை 2003-இல் கண்ட எக்ஸ்(3872) இவற்றில் மூத்தது. ஒரு டி மீசானும் ஒரு டி-ஸ்டார் மீசானும் உருவாகும் வாசலுக்கும் அதற்கும் உள்ள தூரம் 0.07 மெ.எ.வோ., பிழை 0.12. வாசலுக்கு மேலா கீழா என்றே சொல்ல முடியாத நெருக்கம்.

2020-இல் செர்னின் எல்எச்சிபி குழு இதன் அகலத்தை வெளியிட்ட விதம் முன்மாதிரியானது. பிரைட்-விக்னர் வளைவைப் பொருத்தினால் 1.39 மெ.எ.வோ. வாசலின் பாதிப்பைச் சேர்த்துக்கொள்ளும் ஃப்ளாட்டே வளைவைப் பொருத்தினால் சுமார் 0.22. ஆறு மடங்கு வித்தியாசம். கருவி உண்டாக்கும் மங்கல் இரண்டையும்விடப் பெரிது என்பதால் எது சரி என்று தரவு சொல்லவில்லை. குழு இரண்டையும் அச்சிட்டது. ஒரே எண்ணைக் கேட்கும் அட்டவணைக்கு இது சங்கடம்தான். நேர்மை அந்தச் சங்கடத்தில்தான் இருக்கிறது.

ஐங்குவார்க்குகளின் இரண்டாவது வருகையும் இதையே சொல்கிறது. 2015-இல் எல்எச்சிபி, கனமான லாம்டா பேரியானின் சிதைவில் 4380, 4450 மெ.எ.வோ.வில் இரண்டு நிலைகளை அறிவித்தது. தீட்டா பிளஸ் காலத்தைப் போல ஒற்றை வரைபடத்தை நம்பவில்லை. நிறை, கோணங்கள் அனைத்தையும் சேர்த்து ஆறு பரிமாணத்தில் வீச்சையே பொருத்தினார்கள். 4450-க்கு வீச்சு கலப்பெண் தளத்தில் வட்டமிட்டது. சிகாகோவில் தேடிய 90 பாகையின் நவீன வடிவம் இது. 4380-க்கு வட்டம் அவ்வளவு ஒழுங்காக வரவில்லை. 2019-இல் ஒன்பது மடங்கு தரவு வந்தபோது 4450 உண்மையில் 4440, 4457 என்ற இரண்டு மெல்லிய மேடுகள் என்று தெரிந்தது. 4312-இல் புதிதாக ஒன்றும் எழுந்தது. 4380 பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை. அழகாக வட்டமிட்ட ஒன்றுகூட இரண்டாகப் பிரிந்துவிட்டது என்பதை மறக்கக் கூடாது. வட்டம் நல்ல சாட்சிதான். தனியாக நின்றால் போதாது.

துகளே இல்லாமல் மேடு வரும் வழியும் உண்டு. 1959-இல் லாண்டாவ் காட்டிய கணிதத்தின்படி, மூன்று இடைத் துகள்கள் முக்கோணமாகச் சுற்றி மறுபடி மோதும் அமைப்பில், எல்லாமே ஒரே நேரத்தில் மெய்யான நிறையோடு ஓடக்கூடிய ஆற்றல் வந்தால் வீச்சு எகிறும். 2015-இல் செர்னின் காம்பஸ் சோதனை ஏ1(1420) என்று ஒரு மேட்டை அறிவித்தது. கட்ட மாற்றம் இருந்தது, புள்ளியியல் வலு இருந்தது, எல்லாத் தேர்வும் தேறியது. 2021-இல் அதே குழு, புதிய துகள் தேவையில்லை, முக்கோண விளைவே தரவை விளக்கப் போதும் என்று எழுதியது. கண்டவர்களே திரும்பி வந்து மறுத்துச் சொன்னது இத்துறையின் ஆரோக்கியத்துக்குச் சான்று.

கணினி சொல்லும் சாட்சி

வேறு திசையிலிருந்தும் உதவி வருகிறது. காலவெளியைச் சிறு கட்டங்களாக்கிக் குவார்க்குகளின் விசையைக் கணினியில் நேராகக் கணிக்கும் முறையில், ஒரு பெட்டிக்குள் அடைபட்ட துகள்களின் ஆற்றல் படிகள் கிடைக்கும். பெட்டியின் அளவோடு அவை மாறும் விதத்திலிருந்து கட்டப் பெயர்ச்சியைப் பெறலாம் என்று மார்ட்டின் லூஷர் 1980-களின் பிற்பகுதியிலிருந்து காட்டினார். 2017-இல் இம்முறையில் சிக்மாவைப் பார்த்தபோது, பையானின் நிறையைச் செயற்கையாக 391 மெ.எ.வோ.வுக்கு உயர்த்தினால் அது பிணைந்த துகளாக நின்றது. 236-க்கு இறக்கினால் அகன்ற ஒத்ததிர்வாகக் கரைந்தது. மேடு எங்கே முடிகிறது, துகள் எங்கே தொடங்குகிறது என்பதற்கு இயற்கையில் கிடைக்காத ஒரு சோதனை இது. ஆனால் மூன்று துகள்களாகச் சிதைபவற்றுக்கு இம்முறை இன்னும் முழுமையாக முதிரவில்லை. துருவத்துக்குப் போக இங்கேயும் ஒரு மாதிரி வேண்டும்.

தீராமல் இருப்பவை

மெல்லிய, தனித்து நிற்கும், வாசலுக்குத் தொலைவான ஒத்ததிர்வுகளுக்கு மேடு, புள்ளியியல், துருவம் மூன்றும் ஒரே விடையைத் தருகின்றன. அங்கே வழக்கு இல்லை. அகன்றவை, ஒன்றின்மேல் ஒன்று படிந்தவை, வாசலில் நிற்பவை ஆகியவற்றில்தான் மூன்றும் பிரிகின்றன. அங்கே துருவத்தைக் கேட்பதே கொள்கை அளவில் சரி என்று தோன்றுகிறது. ஆனால் சோதனைக் குழுக்கள் தங்கள் மாதிரியில் கிடைத்த துருவத்தை மட்டும் வெளியிட்டுவிட்டு நின்றால் பயன் குறைவு. பின்னால் வருபவர் வேறு மாதிரியைப் பொருத்திப் பார்க்கும்படி கருவியின் பாதிப்பு நீக்கிய வீச்சுகளையே தர வேண்டும். லெப்பின் நியூட்ரினோ எண் கால் நூற்றாண்டு கழித்துத் திருந்தியது, பழைய முடிவுகளை மறுபடி கணிக்க முடிந்ததால்தான்.

புதிய வழக்கு ஒன்றும் மன்றத்துக்கு வந்திருக்கிறது. டாப் குவார்க்கும் அதன் எதிர்த்துகளும் உருவாகும் வாசலில், 345 ஜி.எ.வோ. அருகே, எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் நிகழ்வுகள் இருப்பதாக 2025-இல் சி.எம்.எஸ்., பிறகு அட்லஸ் இரண்டும் ஐந்து சிக்மாவுக்கு மேல் அறிவித்தன. இரண்டும் ஒரு கணம் பிணைந்து மறையும் நிலையாக இருக்கலாம் என்பது 1987-இல் ஃபதினும் ஹோஸேவும் எழுதியதை ஒட்டிய விளக்கம். வேறொரு புதிய துகளின் செல்வாக்கு என்பதையும் தரவு இன்னும் முற்றாக ஒதுக்கவில்லை. அங்கே நிறை அளவீட்டின் நுணுக்கம் பல பத்து ஜி.எ.வோ.; வடிவத்தைப் பார்க்கவே முடியாது. தற்சுழற்சிகளின் பிணைப்பை வைத்தே வாதம் நடக்கிறது. அதைத் துகள் என்பதா, வாசலின் விளைவு என்பதா என்று இப்போதைக்கு யாரும் அறுதியிட்டுச் சொல்வதாகத் தெரியவில்லை.

எக்ஸ்(3872)-க்கு மட்டும் தெளிவான ஒரு வழி இருக்கிறது. ஃபெர்மி ஆய்வகத்தின் ஈ760 சோதனை 1990-களின் தொடக்கத்தில் குளிர்வித்த எதிர்ப்புரோட்டான் கற்றையின் ஆற்றலை மிகச் சிறிய படிகளில் நகர்த்தி, ஜே/சையின் அகலத்தை நேராகவே அளந்தது: 99 கி.எ.வோ., பரப்பை வைத்துக் கணித்த இன்றைய மதிப்போடு ஒத்துப்போகும் எண். அனுமானம் சரியாக இருந்தது என்று அப்போதுதான் நேரடியாகத் தெரிந்தது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் பாண்டா குழு எக்ஸ்(3872)-க்கு அதே முறையைத் திட்டமிட்டது. கற்றையின் சிதறல் 100 கி.எ.வோ.வை ஒட்டி இருந்தால் போதும், 1.39-ஐயும் 0.22-ஐயும் பிரித்துவிடலாம்.